பத்தொன்பதுக்கு அடங்காத எண்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மீதி அக்கா என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஒட்டிக்கொண்டது மட்டும் தெரியும். வார்டிலிருந்து ஒரு நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்து, "அக்கா, அறுபத்தொரு லட்சத்து இருபதாயிரத்து நானூத்தி ஏழு, டாக்டர் கத்துறார்" என்பாள். இரண்டு நிமிடத்தில் கோப்பு வரும். கூடவே கேட்காத ஒரு தகவலும் வரும்.

"இந்தாம்மா. ஒன்பதால வகுத்தா மீதி ரெண்டு."

அந்த மீதியால் நோயாளிக்கோ நர்சுக்கோ டாக்டருக்கோ தம்பிடிப் பிரயோஜனம் கிடையாது. அதனால்தான் அவளுக்கு அதில் அத்தனை பிரியம்.

அவள் வேலை பார்த்த ஆவண அறை சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கப் போர்வைகள் வெந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் சோப்பு வாசனையில் நூறு அலமாரிகள், பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை. ஏழு இலக்க நோயாளி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் எந்த அலமாரி என்று சொல்லும். நடு இரண்டு இலக்கம் அலமாரியில் எந்த அறை. முதல் மூன்று, அறைக்குள் எந்த இடம். எண்ணை வாலிலிருந்து படிக்கும் இந்த ஏற்பாடு புதிதாக வருகிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகப் படும். ஒரு மாதம் ஆனதும் வீட்டில் கேலண்டரையே பின்னாலிருந்து படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கல்லூரியில் இரண்டு வருடம் கணக்குப் படித்தவள். மூன்றாம் வருடம் அப்பா படுத்த படுக்கையானார். படிப்பு நின்றது. இந்த வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயதுகூட இருக்காது என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் சரியாக இருபத்தெட்டு. நடுவில் கல்யாணம், பிள்ளை என்று சில வருடங்கள் போயிருந்தன. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். யாராவது விருந்தாளி வந்தால் தவறாமல் சொல்வார்: "கல்யாண நாள் என்னைக்குன்னு இவகிட்ட கேட்டுப் பாருங்க, தெரியாது. ஆனா அது மூணால வகுபடும்னு மட்டும் சத்தியம் பண்ணுவா."

"மூணால மட்டுமா? ஏழாலயும் வகுபடும்" என்பாள் அவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆவண அறையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். மற்ற பிரிவுகளில் அந்த நேரத்தில் கண்ணயர்வார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். அவள் அன்று கைக்கு வந்த எண்களில் ஒன்றை எடுத்து, அது பகா எண்தானா என்று பார்ப்பாள். அதாவது தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதற்கும் வகுபடாத எண்ணா என்று. அதற்கென்று ஒரு நோட்டில் இரண்டாயிரத்து அறுநூறு வரை எல்லாப் பகா எண்களையும் எழுதி வைத்திருந்தாள்; எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டியதில்லை. கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டு வகுத்துக்கொண்டே போக வேண்டியது. ஏதாவது ஒன்றில் மீதியில்லாமல் வகுபட்டால், அந்த எண் அம்பேல். அடுத்த எண். கடைசி வரை ஒன்றும் உள்ளே நுழையவில்லை என்றால் நோட்டில் சிவப்பு மையில் ஏறும். ஒரு எண்ணைக் கடைசி வரை பார்க்க அரை மணி பிடிக்கும்.

இந்த விளையாட்டில் ஒரு விஷயம் அவளுக்கு உறுத்தியது. புதிய எண்களில் சராசரியாகப் பதினைந்துக்கு ஒன்று பகா எண்ணாக வந்தது. ஆனால் இருபத்திரண்டு லட்சத்துக்கும் நாற்பத்திரண்டு லட்சத்துச் சொச்சத்துக்கும் இடைப்பட்ட பழைய கோப்புகளில், ஐந்து வருடமாகியும் ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட என்றால் ஒன்றுகூட. அவளுக்கு அது அவமானமாக இருந்தது, ஏதோ தன் வகுத்தலில்தான் கோளாறு என்பதுபோல.

கோளாறு அவள் வகுத்தலில் இல்லை, வகுத்தலை நிறுத்திய இடத்தில் இருந்தது. ஒரு எண் இரண்டால் வகுபட்டதும் அவள் அதைக் கீழே வைத்துவிடுவாள். மூன்றால் வகுபட்டாலும் அப்படியே. சின்னக் காரணி ஒன்று கிடைத்த பிறகு பெரிய காரணியைத் தேடி யார் மெனக்கெடுவார்கள்? ஆறாம் வருடம் ஒரு மழை நாளில், வேலை எதுவும் வராததால், பத்துப் பழைய எண்களை எடுத்துக் கடைசி வரை வகுத்துப் பார்த்தாள். பத்திலும் பத்தொன்பது இருந்தது.

இன்னும் நூறு பார்த்தாள். நூறிலும் பத்தொன்பது.

யாரோ ஒருவர், பதிவு மேஜையில் உட்கார்ந்து, ஐந்து வருட காலம் நோயாளிகளுக்கு ஒன்று ஒன்றாக எண் கொடுக்காமல் பத்தொன்பது பத்தொன்பதாகத் தாவிக் கொடுத்திருக்கிறார். எதற்காக என்று புரிய அவளுக்கு ஒரு வாரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். எண்ணைச் சொல்லும்போது ஒரு இலக்கம் தவறினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ, அது அதற்கப்புறம் பத்தொன்பதுக்கு வகுபடாது. தப்பான எண் தானே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஐந்து வருடம் ஒரு மனுஷர் இந்தக் காவலைப் போட்டுவிட்டு, ஒரு ஆளிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

அவளும் யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பார்கள் என்ற பயம் பாதி. மீதிப் பாதி, அந்த ஆஸ்பத்திரியிலேயே தன்னோடு மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள், முகம் தெரியாத அந்த மேஜைக்காரர்தான் என்ற நினைப்பு.

இதெல்லாம் பழைய கதை. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதான வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல், ஒரு பெண் அவள் மேஜைக்கு முன் வந்து நின்றாள். கையில் காய்ந்து சுருங்கிய ஒரு அட்டை.

"எங்கப்பாவுக்குப் பித்தப்பைல சீழ் பிடிச்சிருச்சு. ஆபரேஷன் பண்ணணுமாம். காய்ச்சல்ல நினைவே இல்லை, கூப்பிட்டா கண்ணைக்கூடத் திறக்க மாட்டேங்கிறார். முன்னாடி இங்கதான் ஒரு ஆபரேஷன் நடந்தது. அப்போ ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காம மூணு நாள் பிழைப்பாரான்னே தெரியாமக் கிடந்தார். அது என்ன ஊசின்னு தெரியாம மயக்க டாக்டர் கையை வைக்க மாட்டேன்னு சொல்றாங்க."

"எப்ப நடந்தது?"

"இருபத்தாறு வருஷம் ஆச்சு. நான் அப்போ ஸ்கூல்ல இருந்தேன்."

"இந்த அட்டை?"

"சட்டைப் பையிலயே வச்சிருப்பார். சட்டையோட துவைச்சுட்டேன்."

அட்டையில் முதல் மூன்று இலக்கங்கள் பிழைத்திருந்தன: நான்கு, இரண்டு, ஒன்று. கடைசியில் ஒரு ஒன்பது. நடுவில் மூன்று இடங்களில் நீலக் கறை. பெயர் வைத்துத் தேடலாம் என்றால், அந்தக் காலத்துப் பெயர்ப் பதிவேடு சலவைக்கூடத்துக் குழாய் உடைந்த வருடம் நனைந்து, ஒரே செங்கல்லாக ஒட்டிப் போய்விட்டது. மயக்க டாக்டர் போனில் சொன்ன கெடு, மறுநாள் பகல் பன்னிரண்டு. அதற்கு மேல் சீழ் காத்திருக்காது, கோப்பு வந்தாலும் வராவிட்டாலும் கத்தியை எடுக்க வேண்டியதுதான். எந்த மருந்து கூடாது என்று தெரியாமல் மருந்து கொடுப்பது, நினைவில்லாத மனுஷர் விஷயத்தில் சூதாட்டம்.

மூன்று இலக்கம் தெரியாது என்றால் ஆயிரம் எண்கள். வால்முறை அடுக்கில் ஆயிரம் எண்ணும் ஆயிரம் வெவ்வேறு அறைகளில் இருக்கும். அட்டெண்டர், அதாவது ஏணி ஏறுவதற்கென்றே நியமிக்கப்பட்டு ஏணியைக் கண்டாலே முழங்கால் வலிக்கிற மனுஷர், தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா, ஆயிரம் தடவை ஏறி இறங்கினா என்னையும் மேல ஒரு வார்டுல சேர்க்க வேண்டியதுதான்."

"ஆயிரம் வேண்டாம். ஐம்பத்து மூணு போதும்."

பதினெட்டு வருட ரகசியத்தை அப்போதுதான் முதன்முதலாக ஒரு ஆளிடம் சொன்னாள். 421-ல் தொடங்கி 9-ல் முடியும் ஆயிரம் எண்களில், பத்தொன்பதால் வகுபடுபவை ஐம்பத்து மூன்றுதான். தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள். அட்டெண்டர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லா நம்பருமே பத்தொன்பதா? ஒண்ணுகூடத் தப்பாதா?"

"ரெண்டே ரெண்டு தப்பு பார்த்திருக்கேன். யாரோ தூக்கக் கலக்கத்துல எழுதினது."

மாலை ஐந்து மணிக்கு ஐம்பத்து மூன்றும் பார்த்து முடிந்தது. இருபத்தாறு கோப்புகள் கிடைத்தன. பிரசவங்கள், கால் முறிவுகள், ஒரு நாய்க்கடி. பித்தப்பைக்காரர் அவற்றில் இல்லை. மிச்சம் இருபத்தேழு எண்களுக்கு அலமாரியில் கோப்பே இல்லை.

"கரையான் தின்னிருக்கும்" என்றார் அட்டெண்டர், முழங்காலைத் தடவியபடி.

அவள் தாளையே வெறித்துக்கொண்டிருந்தாள். இருந்த இருபத்தாறும் தாளின் மேல்பாதியில். இல்லாத இருபத்தேழும் கீழ்ப்பாதியில். 4214789 இருந்தது. அடுத்த எண்ணான 4214979-லிருந்து ஒன்றுமே இல்லை.

"கரையானுக்குக் கணக்குத் தெரியாதுப்பா" என்றாள். "இது அரிச்சதில்லை. நின்னது. இந்த ரெண்டு நம்பருக்கு நடுவுல எண் கொடுக்கிறதையே நிறுத்தியிருக்காங்க."

அதற்குப் பிறகு ஐம்பது லட்சத்திலிருந்து புது வரிசை ஓடுவது அவளுக்குத் தெரியும். பழையது எங்கே நின்றது என்று இதுவரை யோசித்ததில்லை. ஆனால் அது தெரிந்து என்ன பயன்? வரிசை அங்கே முடிந்தது என்றால், கிடைத்த இருபத்தாறில் ஒருவராக அவர் இருந்தாக வேண்டும். இல்லையே. பத்தொன்பது பொய் சொல்லாது என்று பதினெட்டு வருடம் நம்பியவளுக்கு, அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது டிக்கெட் எண்ணை வகுக்கக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் வந்தபோது மகள் ஆவண அறை வாசலில் நின்றிருந்தாள்.

"கிடைக்கலை, இல்லையா?" குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தவளின் குரல். "அப்பாவுக்கு மட்டும் நினைவு இருந்திருந்தா நம்பரை டக்குன்னு சொல்லியிருப்பார். நம்பர்னா அவருக்கு உசிரு. இங்கதானே பதிவு மேஜைல இருந்தார்."

மீதி அக்கா கதவுப் பூட்டிலிருந்து சாவியை எடுக்க மறந்தாள்.

"யாரு? உங்கப்பாவா?"

"ஆமா. அஞ்சு வருஷம். அந்த மேஜைலதான் சுருண்டு விழுந்தார், நம்பர் எழுதிட்டு இருக்கும்போதே. அப்படியே தூக்கிட்டுப் போய் ஆபரேஷன். அதுக்கப்புறம் வேலைக்கே போகலை."

"அவர் விழுந்ததும் மேஜைல யாரு உட்கார்ந்தாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? மருந்து கவுண்டர்லேர்ந்து யாரையோ இழுத்து உட்கார வச்சாங்கன்னு அம்மா சொல்வாங்க."

மருந்து கவுண்டரிலிருந்து வந்தவருக்குப் பத்தொன்பதைப் பற்றி என்ன தெரியும்? உலகத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்திருப்பார். கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டியிருப்பார்.

அவள் ஓடிப்போய் நோட்டை எடுத்தாள். அந்த இரண்டு தப்பு எண்கள், ஒன்று முன் பக்கங்களில், மற்றது பதினொரு வருடம் கழித்துப் பின் பக்கங்களில். 4214812, மீதி நான்கு, பிழை. 4214817, மீதி ஒன்பது, பிழை. 'பிழை' என்பதை இரண்டு தடவையும் அடிக்கோடிட்டிருந்தாள். ஊரில் உள்ள எண்ணுக்கெல்லாம் மீதி கேட்டவள், இந்த இரண்டு மீதியையும் கழித்துப் பார்க்கவில்லை.

இப்போது கழித்தாள். 812-லிருந்து நான்கு போனால் 808. 817-லிருந்து ஒன்பது போனால் அதே 808. இரண்டு பிழையும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டிருக்கின்றன: 4214808. பத்தொன்பதால் வகுபடும். மேஜைக்காரர் தன் கையால் எழுதிய கடைசி எண் அதுதான். அதற்கடுத்து, நாற்காலியில் புதிதாக உட்கார்ந்தவர் முதன்முதலாக எண் கொடுத்தது யாருக்காக இருக்கும்? அதே நாற்காலியிலிருந்து விழுந்தவருக்குத்தான்.

"ஒன்பதாம் அலமாரி" என்று கத்தினாள். "நாற்பத்தெட்டாவது அறை, நானூத்தி இருபத்தொண்ணு. ஏறுப்பா!"

அட்டெண்டர் முழங்காலை மறந்து ஏறினார். மேலிருந்து தூசியும் தும்மலும் வந்தன. பிறகு பழுப்பு அட்டையில் ஒரு கோப்பு வந்தது. எண் 4214809. உள்ளே மூன்றாவது தாளில் ஒரு மருந்தின் பெயர், சிவப்பு மையில் மூன்று வட்டம் போட்டு.

மகள் அதைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள். மணி எட்டே முக்கால். பன்னிரண்டு மணிக்கு வேறு மருந்து கொடுத்து அறுவை நடந்தது. பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. மனுஷர் கண்ணைத் திறந்துவிட்டார், திறந்ததும் பக்கத்துப் படுக்கை எண்ணை வாசிக்கிறார்.

அவள் உடனே பார்க்கப் போகவில்லை. பதினெட்டு வருடம் பேசிக்கொண்டிருந்த ஆளை நேரில் பார்ப்பதில் ஒரு கூச்சம். தவிர, வெறுங்கையோடு எப்படிப் போவது? மூன்று மதியங்கள் அந்த எண்ணோடு உட்கார்ந்தாள். ஒற்றை எண், மூன்றுக்கு மசியவில்லை, ஏழுக்கு மசியவில்லை, பத்தொன்பதுக்கு மீதி ஒன்று. அரை மணியில் முடிகிற வேலைதான். ஆனால் இம்முறை ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். நூறு பகா எண்கள் போயின, இருநூறு போயின, முந்நூறு போயின. பகா எண்ணேதான் என்று சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள். பார்க்க வேண்டியதில் இன்னும் ஒன்றுதான் பாக்கி.

வார்டில் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எண்பது வயது, ஒல்லி, மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் சந்தேகப் பார்வை.

"நீங்கதான் ஆவண அறையா?"

"நீங்கதான் பத்தொன்பதா?"

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார். பிறகு, "எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"வேலைக்கு வந்து ஆறாவது வருஷம். அதே வேலையைப் பதினொண்ணே செய்யுமே, ஏன் பத்தொன்பது?"

"பதினொண்ணுன்னா யார் வேணும்னாலும் கண்டுபிடிச்சிருவாங்க."

"கண்டுபிடிக்கத்தானே வைக்கிறது? யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களா?"

மகள் இருவரையும் பார்த்து, இரண்டு பேருக்குமே காய்ச்சல் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"என் நம்பரைத்தான் கெடுத்துட்டான், அந்த மருந்து கவுண்டர் ஆள்" என்றார் அவர். "ஊருக்கெல்லாம் ஒழுங்கா எண் கொடுத்தவனுக்கு மீதி ஒண்ணு. இருபத்தாறு வருஷம் பையில வச்சிருந்தேன், மேற்கொண்டு வகுத்துக்கூடப் பார்க்கலை. அவ்வளவு எரிச்சல்."

அவள் ஒரு சீட்டை நீட்டினாள். அதில் ஒரே வரி: 2053 × 2053.

அவர் காய்ச்சல் அட்டையைத் திருப்பி, பேனா கேட்டு வாங்கி, கால்குலேட்டர் வேண்டாம் என்று கையால் பெருக்கினார். கடைசி வரியில் 4214809 வந்தது.

"வர்க்கம்!" என்றார்.

"முந்நூத்தி ஒன்பது பகா எண் கதவைத் தட்டிப் பார்த்துட்டுத் திரும்பிடுச்சு. முந்நூத்திப் பத்தாவது உள்ள நுழைஞ்சது. அதுவும் ரெண்டு தடவை. அதுக்கு முன்னாடி நிறுத்தியிருந்தா நான் இதைப் பகா எண்ணுன்னே எழுதியிருப்பேன்."

அவர் காய்ச்சல் அட்டையை மடியில் வைத்து அந்தப் பெருக்கலை மறுபடி மேலிருந்து படித்தார். பெற்ற பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைப் படிப்பது போலிருந்தது.

"இன்னொரு விஷயம்" என்றாள் அவள். "பழைய அட்டை அழிஞ்சு போனதால, இந்தத் தடவை சேர்க்கும்போது உங்களுக்குப் புது நம்பர் போட்டுட்டாங்க. ஒருத்தருக்கு ரெண்டு இருக்கக் கூடாது. பழசை அடிச்சிட்டுப் புதுசுல சேர்க்கணும்னு விதி."

"புதுசு எத்தனை?"

"64,18,730."

"பத்தொன்பதுக்கு?"

"மீதி பதினேழு."

"விதி யார் போட்டது?"

"தெரியாது."

"அப்போ பழசே இருக்கட்டும்."

அவள் புதியதை அடித்துவிட்டுப் பழையதை எழுதினாள். பதிவு மேஜையில் இதற்காக ஒரு வாரம் சண்டை நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். வாசல்வரை போனவளை அவர் கூப்பிட்டார்.

"நோட்டுல ரெண்டு பேரைப் பிழைன்னு எழுதியிருக்கீங்களாமே, பொண்ணு சொன்னா. அவங்க நல்லாப் போனாங்களா?"

அவளுக்குத் தெரியவில்லை. மீதி நான்கு, மீதி ஒன்பது என்பது தெரியும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கீழே போய், பன்னிரண்டாம் அலமாரியிலும் பதினேழாம் அலமாரியிலும் இரண்டு கோப்புகளை எடுத்துத் திறந்தாள். ஒருத்தி பிரசவத்துக்கு வந்தவள், பெண் குழந்தை, மூன்று கிலோ. இன்னொருவர் ஏணியிலிருந்து விழுந்த பெயிண்டர், மணிக்கட்டு முறிவு. இருவரின் கடைசித் தாளிலும் 'நலமாக வீடு திரும்பினார்' என்று இருந்தது.

மறுபடி மாடி ஏறிப் போய் அதைச் சொன்னாள்.

"சரி" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "அப்போ அந்த ஆள் ஒண்ணும் கெடுத்திடலை."